ஐந்தாம் மெஷினின் கூண்டு

எங்கள் பட்டறையில் தகடு அழுத்தும் மெஷின் ஆறு. போன வருடம் ஒருவருக்கு விரல் போனதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கூண்டு போடுகிறார்கள். வரைபடம் போடும் பெண் கூண்டைக் கணினியில் ஒரே ஒருமுறைதான் வரைந்தாள். ஓட்டுகிறவரின் கை அகலத்தை அட்டவணையில் அடித்தால் போதும், கை நுழையும் துளையும் தகடும் தானாக மாறிக்கொள்ளும்.

எழுத்து எனக்கு நாற்பது வயதில்தான் வந்தது. எண் அதற்கு முன்பே தெரியும். ஐந்தாம் மெஷின் என்னுடையது. என் கை அகலம் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். திரையிலிருந்த வரைபடத்தில் துளை அறுபத்தொன்று என்று இருந்தது.

“யாரு கைம்மா இது, பொம்மையோடதா?”

“நான் தொண்ணூத்தாறுதாண்ணே அடிச்சேன்.”

மறுபடி அடித்தாள். துளை விரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி அறுபத்தொன்றில் நின்றது. மூன்று தடவை இப்படி.

அவளுடைய அளவுகோலை வாங்கி என் கையின் மேல் வைத்தேன். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் விட்டுவிட்டு அளந்தால் சரியாக அறுபத்தொன்று.

மேஸ்திரி வரைபட அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “கூண்டு நாளைக்கு வரட்டும். அஞ்சை இப்பவே ஓட்டுங்க.”

“இன்னிக்கு நான் அதைத் தொடமாட்டேன்.”

“பெரிய மகாராஜா! உங்க மச்சான் சும்மாதானே நிக்கிறான், அவன் ஓட்டட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது. என் மனைவியின் தம்பிக்குக் கை என்னுடையதைவிட மூன்று மில்லி ஒடுக்கம். அளவெடுத்த அன்று அதைச் சொல்லிக் கேலி செய்திருந்தேன்.

“அண்ணே...” என்றாள் அவள். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். திரையில் ஐந்தாம் வரிசை ஐம்பத்தெட்டு என்று மாறியிருந்தது.

நான் கதவை நோக்கி ஓடினேன். வெளியே மெஷின் அடிக்க ஆரம்பித்துவிட்டது.