இன்னிக்கும் பீட்ரூட்டா?

"இன்னிக்கும் பீட்ரூட்டா?"

அக்கா சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. தோல் சீவிய கிழங்கைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகை, கத்தி, பத்து விரல் எல்லாம் சிவப்பு.

"ஆமா அண்ணி."

தம்பிக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு அக்கா வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் மதியம் பீட்ரூட் வறுவல்தான். நோயாளி வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு இரண்டே வேலை. நோயாளியைப் பார்ப்பது, மற்றவர்களிடம் குற்றம் பார்ப்பது. அக்கா முதல் வேலையை முதல் நாளே முடித்துவிட்டாள்.

தம்பி பெயிண்டர். முப்பது வருஷம் சாரத்தில் ஏறி நின்று ஊரில் பாதி வீட்டுக்கு வர்ணம் அடித்தவன். யார் என்ன நிறம் கேட்டாலும் கண்ணாலேயே அளந்து கலந்து கொடுப்பான். இப்போது கட்டிலிலிருந்து பாத்ரூம் போக, அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். சிறுநீரகத்தில் கல் என்று சொல்லியிருந்தார்கள்.

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு இந்தக் காய் ஆகாதும்மா. தட்டுல பார்த்தாலே எழுந்து ஓடிடுவான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செய்யறியா?"

"இப்ப சாப்பிடறாரே அண்ணி."

"வேற என்ன செய்வான்? வாயில்லாப் பூச்சியாட்டம் கிடக்கான். போட்டதைத் தின்னுட்டுப் படுக்கறான்."

அவள் வாணலியில் எண்ணெய் விட்டாள். நறுக்கியதைப் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி, அடுப்பைக் குறைத்தாள்.

"செய்யறதுதான் செய்யறே, குழைய வேகவெச்சாவது கொடேன். அவனுக்குக் கடிக்கக்கூடத் தெம்பில்லை."

"வேகவெச்சா சாயமெல்லாம் தண்ணியோட போயிடும். வறுத்தாத்தான் உள்ளேயே நிக்கும்."

"உனக்குச் சாயம் முக்கியமா, என் தம்பி முக்கியமா?"

அவள் கரண்டியை எடுத்து வறுவலைக் கிளறினாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் ஒரு கூடை நிறைய பீட்ரூட். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, ஒரே காயை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறாள் மகராசி!

"நகரு. நான் உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுக்கறேன்." அக்கா வாணலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"கையை எடுங்க அண்ணி!"

கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அந்தப் பெண் குரலை உயர்த்தியதே இல்லை. அக்கா திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

தம்பி மனைவி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"கல்லு இல்லை அண்ணி. மாமாவுக்கு வந்ததேதான் இவருக்கும்."

அக்கா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கடைசி மாதங்களை நினைத்தால், ரத்தம் படிந்த பாத்ரூம் தரைதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். அதைத் தினமும் கழுவிவிட்டவன் தம்பிதான்.

"மூணு மாசம்ங்கறார் டாக்டர். என்கிட்ட மட்டும்தான் சொன்னார். அதுக்கு மறுநாளே இவர் பாத்ரூம்லேர்ந்து கூப்பிட்டார். போனா, தரையில உக்காந்து நடுங்கிட்டிருக்கார். ஒண்ணுக்கு சிவப்பாப் போயிருக்கு. 'அப்பாவுக்கு வந்ததுதானே?'ன்னு கேக்கறார். எனக்கு ஒண்ணும் ஓடலை. 'நேத்து நான் கெஞ்சினேன்னு ரெண்டு துண்டு பீட்ரூட் தின்னீங்கல்ல, சில பேருக்கு அப்படித்தான் போகும்'னு வாயில வந்த பொய்யைச் சொல்லிட்டேன். 'அட, அவ்வளவுதானா!'ன்னு சிரிச்சார் அண்ணி. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

வாணலியைக் கிளறினாள். துண்டுகள் ஓரம் சுருங்கி, லேசாகக் கருகிய வாசனை வரத் தொடங்கியிருந்தது.

"இப்ப தினமும் அப்படித்தான் போகுது. அதனால தினமும் இதுவும் வேணும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பெண்ணை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கூசிப்போனாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டைத் தானே எடுத்தாள்.

"நான் கொண்டு போய்க் கொடுக்கறேன்மா."

தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை வாயில் போட்டு, மாத்திரை விழுங்குவது போலக் கண்ணை மூடித் தண்ணீர் குடித்தான். அடுத்த துண்டு. மறுபடியும் தண்ணீர்.

அக்காவால் பார்க்க முடியவில்லை. "கஷ்டமா இருந்தா வெச்சிடுடா. ஒருநாள் சாப்பிடலைன்னா ஒண்ணும் ஆகாது."

தம்பி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அழுதிருக்கே. உன்கிட்ட சொல்லிட்டாளா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எ... எதைடா?"

"முப்பது வருஷமா கலர் கலந்தவன்க்கா நான். எது காயோட சிவப்பு, எது ரத்தச் சிவப்புன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாடா இதைத் தின்னுட்டு..."

"நான் நம்பறேன்னு நினைச்சுத்தான் அவ கொஞ்சமாவது தூங்கறா. நீ ஏதாவது உளறி வெச்சிடாதே."

குழாய் நின்றது. தம்பி இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டிச் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"வறுவல் இன்னிக்குப் பிரமாதம்! இன்னும் ரெண்டு கரண்டி கொண்டு வாம்மா!"