வெயிலில் ஸ்வெட்டர்

"அக்கா, உங்க ஸ்வெட்டரை ஒரு நிமிஷம் தர்றீங்களா? ஒரே ஒரு போட்டோ."

கோட்டை மதிலின் மேல் வெயில் கல்லைச் சுட்டுக்கொண்டிருந்தது. டீச்சரும் பேங்க்கில் வேலை பார்க்கும் அவள் தோழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருவரும் முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்தவர்கள். ஸ்வெட்டர் கேட்ட இந்தப் பெண் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி. தனியாக வந்திருந்தாள். நேற்றுவரை நல்லபடியாகத்தான் இருந்தாள். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு, கல்வெட்டு கண்ட இடத்திலெல்லாம் நின்றுவிடுவாள்.

நேற்று மாலை ஒரு போன் வந்தது. வராந்தாவிலேயே வெகுநேரம் நின்றிருந்தாள். திரும்பி வந்ததும் பையைத் தலைகீழாகக் கொட்டித் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்று கடைசி நாள். கோட்டை வாசலில் மஞ்சள் சுடிதார். அரண்மனைப் படியில் ஜீன்ஸ். தோட்டத்தில் டீச்சரிடம் இரவல் வாங்கிய நீலத் துப்பட்டா. போகிற இடமெல்லாம் கழிப்பறையைத் தேடி ஓடி, உடை மாற்றி, தலையை வேறு விதமாக வாரிக்கொண்டு வந்து நின்றாள். எந்த இடத்தையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்ல ஆல்பமே கேட்டிருப்பாங்க போல" என்று தோழி முணுமுணுத்தாள். மத்தியானமே இருவரும் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ராத்திரி பஸ்ஸின் ஏசிக்காக எடுத்து வந்த ஸ்வெட்டர் அது. தோழி பையை இறுக்கிக்கொண்டாள். இந்த வெயிலில் போட்டால் வேர்வையில் ஊறிவிடும், தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கைபேசி அடித்தது.

"சொல்லும்மா... சாப்பிட்டேன்மா. ஊரா? பிரமாதமா இருக்கு. இப்போதைக்கு வரலைம்மா, லீவை நீட்டிட்டேன். இன்னும் எத்தனையோ ஊர் பாக்கி இருக்கே. போட்டோதானே? அனுப்பறேன், அனுப்பிக்கிட்டே இருப்பேன்."

சிரித்துக்கொண்டே வைத்தாள். டீச்சருக்குச் சுருக்கென்றது. இன்று ராத்திரி ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் டீச்சருக்குப் பின் சீட்டு இவளுடையதுதான். டிக்கெட்டைக் காலையில் இவளே காட்டியிருந்தாள்.

"ஊருக்குத் திரும்பறதை அம்மாகிட்ட மறைக்கிறியா? பெத்தவங்ககிட்டயே இப்படிக் கூசாம பொய் சொல்றே. வீட்டுக்குப் போகாம அங்க யாரோட தங்கப் போறே?"

கீழே காவலாளி விசில் ஊதினான். கோட்டையைப் பூட்டும் நேரம். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பெண் மட்டும் நகரவில்லை. தோழியின் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்க்கா. அப்பாவை ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தாங்களே, அதுவே போதும் அவங்களுக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் தோழி.

"நாளைக்கு என்னை அட்மிட் பண்றாங்க. அப்பாவுக்கு வந்த அதே நோய்தான். நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல சொன்னாங்க."

விசில் மறுபடியும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

"குளிர்காலம் வரைக்கும் அங்கதான் இருக்கணுமாம். அப்போ அனுப்பறதுக்குத்தான் ஸ்வெட்டர் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "மருந்து ஏத்தினா இது எல்லாம் கொட்டிடும்க்கா. இருக்கறப்பவே எடுத்து வச்சுக்கணும்."