விழுங்காத மாத்திரை

“ஒரு மாத்திரைகூட மிச்சம் வைக்கலையே. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா என் வேலை சுலபம்மா” என்றார் டாக்டர், காலி டப்பாவை ஆட்டிப் பார்த்து. அவளால் தலை நிமிர முடியவில்லை.

சின்ன வயதிலேயே சர்க்கரை வந்தவர்களுக்கு யூரிக் அமிலத்தைக் குறைத்தால் சிறுநீரகமும் இதயமும் தப்புமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது முடியும் வரை டாக்டருக்கே தெரியாது.

அவளுக்கும் தம்பிக்கும் ஒரே வியாதி. வயது போதாதென்று தம்பியை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா டயாலிசிஸ் படுக்கையில் கண்மூடியதைப் பார்த்தவளுக்கு மனசு கேட்குமா? முதல் டப்பாவிலிருந்தே எல்லாவற்றையும் அவன் கையில் திணித்து, யாரிடமும் மூச்சு விடாமல் தினமும் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

நன்றிக்கடனோ என்னவோ, சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாதவன் அன்றிலிருந்து தினமும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தான். வாயில் வைக்க முடியாத கசப்பு. சர்க்கரை போடாத காபி வேறெப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள்.

டாக்டர் கணினியைத் திருப்பிக் காட்டினார். “ஆராய்ச்சி முடிஞ்சாச்சு, இனி சொல்லலாம். உங்களுக்குக் கிடைச்சது நிஜ மாத்திரை. யூரிக் அமிலம் எப்படி இறங்கியிருக்கு பாருங்க. சிறுநீரகத்துக்கு அதனால லாபமான்னு எல்லாரோடதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விழுங்காத மாத்திரை எப்படி வேலை செய்யும்? பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் மாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தன் பொய்யை நம்பி நாளை யாரோ பெற்ற பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பார்களே என்றும் தோன்றியது. ஆனாலும் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்ற தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“நீ சாப்பிட்டது நிஜ மருந்துடா, எனக்கு அது போதும். ஆனா நான் ஒண்ணுகூட முழுங்கலைன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட ஒத்துக்கப் போறேன்.”

ஆற்றிக்கொண்டிருந்த காபியை அவன் மேடைமேல் வைத்தான். முகம் செத்துப் போயிருந்தது.

“அப்பாவை நானும்தானேக்கா பார்த்தேன்” என்றான் தலையைக் குனிந்துகொண்டு. “டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லிடாத. எல்லாத்தையும் உன் காபியிலதான் கலந்தேன்.”