ரொட்டி பீருக்குக் கிடைத்த கேடயம்

செக் நாட்டின் கொலீன் நகரத்து போஹுஸ்லாவ், கடையில் பீர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காய்ந்துபோன ரொட்டியையும், ரயில் பாதையோரம் சும்மா பறித்துவந்த, பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவையும் பழைய வாஷிங் மெஷினில் போட்டு, வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"துணி அலசின தண்ணி மாதிரி இருக்கு. மனுஷன் குடிப்பானா இதை?" என்பாள் மனைவி மிலூஷ்கா.

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு. தோட்டக்காரர் சங்கத்துல வாராவாரம் இருபது பாட்டில் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, தெரியுமா?"

இந்த வருடச் சங்க விழாவில் அவருக்குப் பரிசு என்று கடிதம் வந்தது. கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்ற மனைவியையும் இழுத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

மேடை ஏறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுல யாரும் மதிக்கல. நீங்கதான் என் பீரோட அருமையைப் புரிஞ்சுக்கிட்டீங்க."

சங்கத் தலைவர் ஹவெல்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"புரியாம என்ன அண்ணே! கடை பீரைக் கிண்ணத்துல ஊத்தி, நத்தைக்குப் பொறியா முட்டைக்கோஸ் பாத்தியில வெச்சா, நத்தைங்க வந்து குடிச்சிட்டு, இலையையும் தின்னுட்டுப் போயிடும். உங்க பீரைக் குடிச்ச நத்தை ஒண்ணுகூட வீடு திரும்பல!"

அரங்கமே கைதட்டியது. மிலூஷ்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போஹுஸ்லாவ் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அதுங்க... மிச்சம் வெக்காமக் குடிச்சுதுங்களா?"