எரியுது மாப்ள

“வயரை இழுத்துப் பாத்தீங்களா மாப்ள?” என்று தலைக்கு மேலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

காரின் பின் பம்பருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளை, ஏற்கனவே இழுத்துப் பார்த்த வயரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். ஊரில் பாதி வண்டிகளுக்கு வயரிங் செய்தவன்தான். ஆனாலும் வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் ஏது?

போதாக்குறைக்கு, வண்டியின் நரம்பெல்லாம் தெரிந்தவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மாமனார் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். நாளைக் காலையில் இளைய மகளின் புது வீட்டுக்குக் கட்டிலும் பீரோவும் போகின்றன. அவற்றை ஏற்றிய ட்ரெய்லரை இந்தக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு அவர்தான் ஓட்டப் போகிறார். காரில் மாப்பிள்ளையின் மனைவியும் நாலு வயது மகளும் போகிறார்கள். அவனுக்குக் கடை இருக்கிறது.

காலையிலிருந்தே மாமனார் கடுகடுவென்று இருந்தார். கார்ச் சாவியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கி, கடைசியில் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து, சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து எடுத்தார். பேத்தியின் குறும்பு என்று முடிவாயிற்று. நான் இல்லவே இல்லை என்று குழந்தை அழுததை யார் கேட்டார்கள்?

போன வாரம் கேட் தூணில் கார் உரசியபோதும் அப்படித்தான். தூணைத் துருத்திக்கொண்டு கட்டிய கொத்தனாருக்குத் திட்டு விழுந்தது.

சாக்கெட்டின் கடைசித் திருகையும் முடுக்கி, ரப்பர் மூடியை இழுத்து விட்டு, ட்ரெய்லரின் பிளக்கை அதில் செருகினான்.

இனி இரண்டு ஆள் வேலை. ஒருவர் காருக்குள் உட்கார்ந்து விளக்குகளைப் போட வேண்டும். மற்றவர் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல வேண்டும். ட்ரெய்லரின் பலகை உயரம். அங்கே நிற்பவருக்குக் கார் தெரியாது.

மாமனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். மாப்பிள்ளை காருக்குள் ஏறி உட்கார்ந்தான்.

“இடது இண்டிகேட்டர் போடுறேன் மாமா.”

“எரியுது மாப்ள.”

“வலது?”

“எரியுது.”

“பிரேக்?”

“ஜம்முனு எரியுது.”

தெருவுக்கே கேட்டிருக்கும். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வருவது லேசில் நடக்கிற காரியமா? வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பையில் கை விட்டான்.

விரலில் ஃபியூஸ் பட்டது.

ட்ரெய்லருக்குப் போகும் லைனின் ஃபியூஸ். வேலை தொடங்கும் முன் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். திரும்ப மாட்டும் வரை ட்ரெய்லரில் ஒரு விளக்கும் எரியாது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“இப்ப மாமா?”

“அதான் எரியுதே மாப்ள. எத்தனை தரம் கேப்பீங்க?”

குரலில் துளி தடுமாற்றம் இல்லை.

இறங்கிப் போய், “லைட்டு சரியில்ல போல மாமா. பயணத்தை ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கலாமா?” என்றான்.

“என் கண்ணு முன்னாடிதான எரிஞ்சுது.”

எரியவில்லை என்று சொன்னால், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அவர் வீட்டில் இருந்துகொண்டு அவரிடம் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மனைவியிடம் சொன்னால், எங்க அப்பான்னாலே உங்களுக்கு இளக்காரம் என்பாள். சொல்லாவிட்டால் காலையில் அவளும் குழந்தையும் அந்தக் காரில்.



கடைசியில் ஃபியூஸை மாட்டி விளக்கைப் போட்டான். பின்னால் வருகிறவனுக்காவது தெரியட்டும். ட்ரெய்லரின் சிவப்பு விளக்குகள் அப்போதுதான் முதன்முதலாக எரிந்தன. மாமனார் அவற்றைத் தாண்டி நடந்து, வாசல் நிலையைக் கையால் தொட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாப்பிள்ளை விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் தூக்கினான். எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நாளைக்கு வண்டி கிளம்பாது. கிளம்பாவிட்டால் கூப்பிடப் போவதும் அவனைத்தான். கோளாறு பிடிபடவில்லை என்று ஒரு நாள் சொல்லலாம், இரண்டு நாள் சொல்லலாம். அப்புறம் வேறொரு மெக்கானிக் வருவான், வந்த கையோடு கண்டுபிடிப்பான். ஊர் சிரிக்கும், அவர் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது.

பானட்டை இறக்கினால் எதிரே மாமியார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

அவர் மாப்பிள்ளையின் சட்டைப்பையைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சர்க்கரை டப்பால மட்டும் வெச்சிடாதீங்க மாப்ள. குலுக்கிப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவாரு.”