மீசையின் எடை 372

"எல்லாரும் கையை நீட்டுங்க."

ஏழு பேரும் நீட்டினோம். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போல, மீசை ஒவ்வொரு கையாக முகர்ந்துகொண்டே வந்தார்.

"க்ரீம் பூசினது யாரு?"

"குளிருது சார். கை வெடிக்குது" என்றான் கண்ணாடிக்காரன்.

"வெடிக்கட்டும். கழுவிட்டு வா."

மீசை எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். தலை முழுக்கப் பஞ்சு, மீசை மட்டும் கரிக்கட்டை. யாராவது கேட்டால் "பரம்பரை" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நாங்கள் நம்பினோம் என்று சொன்னால் அது பொய்.

எங்கள் வேலை இதுதான். ஒரு தட்டில் 384 சின்னக் குழிகள். குழிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு ஒரு கலவை. எந்தக் கலவையில் நாங்கள் தேடும் புதுப் பொருள் உருவாகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மூலக்கூறுகளை எடை போடும் மிஷின் ஒன்று இருக்கிறது. விநாடிக்கு ஒரு சொட்டாக விழுங்கி, உள்ளே என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் எடைவாரியாகக் கோடு கோடாகத் திரையில் காட்டிவிடும். ஒரு மாத வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த மிஷின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மூன்று வாரமாக எல்லாத் தட்டிலும் 372 என்ற எடையில் ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. நாங்கள் கலக்காத சரக்கு. யாரோ கையோடு கொண்டு வருகிறார்கள்.

மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும். தெரிஞ்ச அன்னைக்கே அவங்களுக்கு இங்க வேலை இல்லை."

ஒப்பந்தத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். நிரந்தரம் ஆனால்தான் மருத்துவக் காப்பீடு. அது எனக்கு எவ்வளவு அவசியம் என்பது என் கணவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். வேலை செய்கிற இடத்தில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் க்ரீமைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது. இருந்தாலும் பயம் பயம்தானே.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு வந்ததும் மீசை எங்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவர் விரலையும் ஸ்பிரிட்டில் அலசி, ஆளுக்கொரு குழியில் சொட்டு விட்டார். முதல் குழி அவருடையது. ஆறாவது என்னுடையது.

எட்டுச் சொட்டு, எட்டு விநாடி. திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எட்டு நிமிஷம் பார்த்தார்.

பிறகு மீசையைத் தடவினார்.

"நான்தான்."

"என்ன சார்?"

"மீசைக்குச் சாயம் போடறேன். அதுதான் 372."

கண்ணாடிக்காரன் குலுங்கிச் சிரித்தான். அதோடு கூடமே அதிர்ந்தது. மூன்று வாரம் எங்கள் கையை மோந்து பார்த்த மனுஷன். அதிகம் சிரித்தது நான்தான். பயம் விட்ட சிரிப்பு, அடக்கவே முடியவில்லை.

தலைவர் என்பதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. முன்பக்க அறையில் அறிக்கை திருத்த உட்கார வைத்துவிட்டார்கள். அலைந்து திரிந்து அவரே வாங்கி வந்த மிஷினை இனி அவர் தொடக்கூடாது. போகும்போது கடைசியாக ஓர் உத்தரவு போட்டார்: சாப்பிட்டு வந்ததும் எல்லாரும் ஸ்பிரிட்டில் கை கழுவி, இரண்டு ஜோடி கையுறை போட வேண்டும்.

"மீசை அவருடையது, தண்டனை நமக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினோம். 372 மறுநாளே காணாமல் போயிற்று. பிரிவுப் பரிசாக அவருக்கு ஒரு டப்பா மீசைச் சாயம் கொடுத்தோம். யோசனை என்னுடையது. வாங்கி வந்ததும் நான்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. முதல் வேலையாக மிஷினில் பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னார்கள். அழிப்பதற்கு முன், அந்த மீசைக் கோட்டை ஒரு தரம் பார்த்துச் சிரிக்கலாம் என்று திறந்தேன்.

முதல் குழி சுத்தம். ஏழு குழிகள் சுத்தம். ஆறாவதில் மட்டும் 372.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் நான் நகத்தால் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளும் புற்றுநோய் மாத்திரை பைக்குள் இருந்தது. அட்டையில் இருந்த மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எடை 371. எங்கள் மிஷின் எப்போதும் ஒன்று கூட்டித்தான் காட்டும்.

முன்பக்க அறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது.

"சார், அந்த 372 என் கையிலேர்ந்து வந்தது."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா."

"என்ன மாத்திரைன்னும் தெரியுமா?"

"என் வீட்டுக்காரி அஞ்சு வருஷம் சாப்பிட்டா. நான்தான் உடைச்சுக் கொடுப்பேன். ஒரு தடவை என் கையிலேர்ந்தே மிஷினுக்குள்ள போயிருக்கு."

"இப்போ எப்படி இருக்காங்க?"

"காலையிலகூடத் திட்டினா. நல்லா இருக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மேனேஜர்கிட்ட நான் போய்ச் சொல்லிடறேன் சார்."

"சொல்லி? இங்க நாற்காலி நல்லா இருக்கு. நீ போய் வேலையைப் பாரு."

மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க எதையோ தூக்கி வைத்திருந்தார். நான் வாங்கி வந்த சாய டப்பா. மேலே ஒட்டிய தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"அப்போ மீசை, சார்?"

"பரம்பரைன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"