பாதிப் பந்துகள்

பக்கத்து வீட்டு நொலீன் வேலிக்கு மேலே நீட்டிய பையில் இருபது பழைய டென்னிஸ் பந்துகள் இருந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய நாயின் எச்சில்.

"கழுவல, பரவாயில்லையா? ஏன்டி டீகன், உன் டிரம் சத்தமே காணோம்? ஒன்றரை மாசமாச்சு. தாளம் இல்லாம களை பிடுங்கக் கையே ஓட மாட்டேங்குது."

குத்திக்காட்டுகிறாள். பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனேன்.

இப்ஸ்விச்சில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் மரக்கால்களில் நிற்பவை. மேலே குடியிருப்பு, அடியில் காரும் வேலை மேசையும்.

மேசை முழுக்க என் கணவன் பிராடி சாமான்களைப் பரப்பியிருந்தான். வெளியே சத்தம் வராத டிரம் ஒன்றை நாங்களே செய்யப்போகிறோம். டிரம் கூடுகள் என்னுடைய பழையவை. தோலுக்குப் பதில் வலை. அடியில் சென்சார், அதன் மேல் ஸ்பாஞ்ச் கூம்பு. ஓசை என் ஹெட்போனில் மட்டும்.

"மூணு வகை வலை வாங்கியிருக்கேன், செல்லம். தட்டிப் பாத்து நீயே எடு."

மூன்றுமே யாரோ கழற்றிப்போட்ட காலுறை மாதிரி இருந்தன. குச்சியால் தட்டினேன். எச்சில் துப்பியது போல ஓர் ஓசை. ரப்பர் விளிம்பை முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நடுவுல இருக்கறது."

"எனக்கும் அதுதான் தோணுச்சு."

மேசை ஓரத்தில், திருகு இடுக்கியில் மாட்டியிருந்தது என் மேப்பிள் மர டிரம். பதினாறு வயதில் கோழிக்கடையில் வேலை பார்த்து வாங்கியது. அதன் இடுப்பைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டிருந்தான். வலைக்கு ஆழம் தேவையில்லை. அறுத்தால் ஒன்று இரண்டாகும். இப்படிச் செய்கிறவர்கள் எல்லாரும் அறுக்கிறார்கள்.

நானும் சம்மதித்திருந்தேன். அந்தக் கடிதங்களால்.

மூன்று வந்தன. அஞ்சல்தலை இல்லை, பெயர் இல்லை. கடைசியில் வந்ததில் இப்படி இருந்தது: 'ராத்திரி எட்டு மணிக்கு என் கட்டில் அதிர்கிறது. உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?'

அன்று அழுதேன். பிராடிதான் தலையைத் தடவிக்கொடுத்தான். பேக்கரி வேலைக்காக இரவு ஏழரைக்கே படுத்து, விடியுமுன் எழுந்து போகிறவன். நான் டிரம் வாசிப்பதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவனுக்கு இருக்கும் பொறுமை வேலிக்கு அந்தப்பக்கம் இல்லையே என்று நினைத்தேன். அன்றிலிருந்து நொலீன் முகத்தைப் பார்த்தாலே அருவருப்பு.

ஒரு பந்தை எடுத்து ரொட்டிக் கத்தியால் பிளந்தேன். உள்ளேயிருந்து புளித்த காற்று வந்தது. விரல்களில் கொழகொழப்பு. துணியில் துடைத்தேன்.

"இந்தக் கண்றாவி எதுக்கு?"

"பெடலுக்கு அடியில பலகை, பலகைக்கு அடியில பாதிப் பாதியா பந்து. வலை காத்துல போற சத்தத்தைத்தான் அடக்கும். பெடலைக் காலால மிதிக்கிற அதிர்வு நேரா தரைப்பலகையில இறங்கிடும்."

"இறங்கி நொலீன் வீடு வரைக்கும் போகுமா?"

"சேச்சே. மண்ணுக்குப் போனதுமே செத்துடும். நம்ம வீட்டுக்குள்ளதான் சுத்தும். ஹாலு, கதவு நிலை, கட்டில்..."

நிறுத்திக்கொண்டான்.

என் கத்தி இரண்டாவது பந்தின் பாதியில் நின்றது. கடிதத்திலும் கட்டில்தான்.

வேலிக்கு அப்பால் நொலீன் தாளமில்லாமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்தப் பந்து யாருக்கு, பிராடி?"

அவன் கையிலிருந்த சாமான் பட்டியலைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தான்.

"டீகன்..." என்று என் தோளில் கைவைத்தான்.

கையை எடுக்கச் சொல்லவில்லை. குனிந்து, டிரம்மைப் பிடித்திருந்த இடுக்கியைத் திருகித் தளர்த்தினேன். அவன் கை தானாக நழுவியது.

பிறகு, நாய் எச்சிலைத் துடைத்த துணியை எடுத்து என் தோளைத் துடைத்துக்கொண்டேன்.